இரண்டு மீட்டர் கயிறு: கல்லமேட்டிலிருந்து கொல்கத்தாவரை ஒரு டைனோசர் பயணம்

முதல் நாள், கல்லமேடு

எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, நம் அரியலூர்ப் பக்கம் ஒரு டைனோசரின் கால் எலும்பு கிடைத்தது, அதன் நீளம் இரண்டு மீட்டர் என்று சொன்னேன். "முழுக் காலா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை மட்டும்தான் என்றேன். வகுப்பு முழுவதும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டது. அன்று மாலை வீட்டுத் துணிக்கொடிக் கயிற்றை எடுத்து, முடிச்சுக்கு முடிச்சு சரியாக இரண்டு மீட்டர் வரும்படி அளந்து வெட்டிப் பையில் வைத்தேன். என் கீழ்க்காலையும் அளந்தேன். 36 சென்டிமீட்டர். அரையாண்டு விடுமுறை தொடங்கியதும் கிளம்பிவிட்டேன்.

காலையில் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினேன். சிமெண்ட் லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசி சாலையோரத்து இலைகளில் மாவு பூசியதுபோல் படிந்திருந்தது. அந்தச் சிமெண்ட்டே கடல் தந்ததுதான். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. சிப்பிகளும் நத்தைகளும் செத்துப் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. பிறகு கடல் மெல்லக் கிழக்கே பின்வாங்கியது. அது விட்டுப்போன தரையில் ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டின. அந்த ஆற்றுப் படிவுக்குத்தான் நிலவியலாளர்கள் கல்லமேட்டுப் படிவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வயது சுமார் 7 கோடி ஆண்டுகள். டைனோசர்களின் கடைசிக் காலம்.

ஆட்டோக்காரரிடம் கல்லமேடு என்றதும், "அங்கே பார்க்க ஒன்றும் இல்லையே அம்மா. கல்மரம் பார்க்கவேண்டுமென்றால் சாத்தனூர் போகலாம்" என்றார். அதற்கு நாளை போகிறேன் என்று சொன்னேன்.

பார்க்க ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். சீமைக்கருவேலம், மழைநீர் அறுத்த சிறு ஓடைகள், வெளிறிய மண், ஆடுகள். ஆனால் இந்த மண்ணில் நடந்தவர்களின் வரிசையை நினைத்தால் கால் கூசுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி பிளான்ஃபோர்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து எழுதினார். பின்னாளில் 1875இல் தொடங்கிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர் ஆனவரும் அவரே. அவருக்குப் பிறகு சார்லஸ் மாட்லி இங்கே வந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றி 1929இல் எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் கல்லமேட்டுக்கு வடகிழக்கே கிடைத்த எலும்புகளை விவரித்த கட்டுரை, 1987 என்ற ஆண்டைத் தாங்கிய இதழில் வந்தது. ஓர் இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, ஒரு வால் முள்ளெலும்பு. இடுப்பெலும்பு மட்டும் 1.2 மீட்டர். தொடையெலும்பின் கீழ்முனை 75 சென்டிமீட்டர் அகலம். கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர். அவர்கள் வைத்த பெயர் பிருகத்காயோசாரஸ் மாட்லி. பிருகத் என்றால் மிகப் பெரிய, காயம் என்றால் உடல். மாட்லிக்கு நன்றி சொல்லும் பெயர்.

முதலில் அதை ஊன் தின்னும் டைனோசர் என்றே வகைப்படுத்தினார்கள். பிறகுதான் நெடுங்கழுத்துத் தாவர உண்ணிகளான சாரோபாட் இனத்தில், டைட்டனோசார் கிளையில் அதைச் சேர்த்தார்கள். ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்கிறேன். உலகின் மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்று என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும் அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர். நம்முடையது அதைவிட ஒரு முழம் நீளம். 2023இல் வெளிவந்த ஒரு கணக்கு இதன் எடையை 110 முதல் 170 டன் வரை என்று மதிப்பிடுகிறது. நல்ல வளர்த்தியான ஆண் யானை ஐந்து டன் என்று வைத்துக்கொண்டால், குறைந்த கணக்கில் 22 யானைகள், கூடின கணக்கில் 34. அந்தக் கணக்கு சரியென்றால், நீலத்திமிங்கலத்தோடு நிற்கக்கூடிய நில விலங்கு.

அந்த எலும்புகள் இன்று இல்லை. அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேருமுன்னே அவை நொறுங்கிப் பொடியாகிவிட்டன.

ஏன் என்று இங்கே வந்தபோதுதான் கைக்குப் புரிந்தது. ஓடைக் கரையில் ஒரு மண்கட்டியை எடுத்தேன். தேங்காய் அளவு. மேற்புறம் வெயிலில் காய்ந்து ஓடுபோல் இருந்தது, நகத்தால் கீறினாலும் விழவில்லை. பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டேன். முதலில் பளபளத்தது. பிறகு ஊறி உப்பியது. உப்பிய இடத்தில் மயிரிழைபோல் ஒரு பிளவு ஓடியது, அதன் குறுக்கே இன்னொன்று. ஒரு நிமிடத்துக்குள் கட்டியின் பாதி என் விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. இந்தக் களிமண் எலும்பின் நுண்துளைகளுக்குள் எல்லாம் புகுந்து உட்கார்ந்திருக்கும். 7 கோடி ஆண்டுகள் அப்படியே இருந்திருக்கும். தோண்டி வெளியே எடுத்துக் காற்றும் மழையும் பட்டதும் உப்பும், காயும், மறுபடி உப்பும். உள்ளிருந்தே எலும்பைப் பிளந்துவிடும். புதைந்திருந்த வரையில் எலும்பைக் காத்த மண்ணே அதை உடைத்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தாயி தேடுகிறாய்?"

"இந்தப் பக்கம் பெரிய எலும்பு கிடைத்ததாமே ஆயா."

"கிடைத்திருக்கும். எங்கள் மண்ணில் எதுதான் நிற்கும்? மழை பெய்தால் விட்ட செருப்பே திரும்பி வராது."

பையிலிருந்து கயிற்றை எடுத்துத் தரையில் நீட்டிப் போட்டேன். ஒரு முனையை அவர் கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். என்ன நீளம் இது என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஆயா என்றேன். ஒரு கணம் பார்த்தார். பிறகு கயிற்றின் ஓரமாக, ஒரு மாட்டைத் தாண்டி நடப்பதுபோலச் சுற்றி நடந்துபோனார். மிதிக்கவில்லை.

இரண்டாம் நாள், சாத்தனூர்

கல்லமேட்டு எலும்பைப் பற்றி ஒரு சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. கட்டுரையில் இருந்தவை கோட்டுப்படங்கள்தான். எலும்போ கையில் இல்லை. அதனால், அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். இந்த வட்டாரத்தில் கல்மரம் உண்டு என்பதால் அந்தச் சந்தேகத்துக்கு ஓர் இடமும் இருந்தது. எனவே கல்மரத்தையே பார்த்துவிட வந்தேன்.

சாத்தனூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் இதை வெளி உலகுக்குத் தெரிவித்தார். கம்பி வேலிக்குள் 18 மீட்டருக்கு மேல் நீளமாக அடிமரம் படுத்திருக்கிறது. கடலோரத்தில் நின்ற மரம், நீரில் அடித்துவரப்பட்டு, கடலடி மண்ணில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு இழையும் இருந்த இடத்தில் மணற்சத்து வந்து உட்கார்ந்து கல்லானது. தொலைவிலிருந்து பார்த்தால் சாய்ந்து கிடக்கும் பனை என்றே தோன்றும். குனிந்து பார்த்தால் நீளவாக்கில் ஓடும் நார்க்கோடுகள் தெரிகின்றன. கணுவும் தெரிகிறது.

எலும்பின் உட்புறம் இப்படி இருக்காது. உடைந்த எலும்பின் குறுக்குவெட்டில் தேன்கூடு தெரியும், அல்லது ஊசிமுனைத் துளைகள் தெரியும். இரண்டையும் ஒருமுறை அருகருகே பார்த்தவர்களுக்குக் குழப்பம் வராது. ஆனால் அருகில் வைத்துப் பார்க்க எலும்பு வேண்டுமே! 2022இல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து, அந்தக் காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். எலும்பு மண்ணிலிருந்து தலைகாட்டிக் கிடக்கும் படங்கள். அவற்றைப் பார்த்த பிறகு சந்தேகத்தின் குரல் தணிந்தது. யாரோ ஒருவர் அன்றைக்கு ஃபிலிம் சுருளை வீணாக்காமல் நாலு படம் எடுத்து, அதைப் பத்திரமாகவும் வைத்திருந்தார் என்பதற்காக நான் உள்ளபடியே நன்றியோடு இருக்கிறேன்.

வேலியருகே இரண்டு பையன்கள், "டைனோசர் முட்டையும் இங்கே கிடைத்தது டீச்சர்" என்றார்கள். 2020இல் குன்னத்தில் ஏரி தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்து, முட்டை என்று ஊரெல்லாம் பேச்சானது. வல்லுநர்கள் வந்து பார்த்து, கணவாய்க்குத் தொல் உறவான அம்மோனைட் என்ற கடல் உயிரைச் சுற்றி மண் இறுகி உருண்ட கற்கள் அவை என்று சொன்னார்கள். பையன்களின் முகம் வாடியது. அம்மோனைட் டைனோசரின் காலத்திலேயே கடலில் நீந்திய உயிர், அதன் சுருள் வீட்டுக்குள் அறை அறையாகக் காற்று வைத்திருந்தது என்று மண்ணில் வரைந்து காட்டினேன். கிளம்பும்போது இருவரும் தரையைப் பார்த்தபடியே நடந்தார்கள். அது போதும் எனக்கு.

மூன்றாம் நாள்

பகலெல்லாம் சென்னையில் உறவினர் வீடு. இரவு ஹைதராபாத் ரயில். எழுத ஒன்றும் இல்லை.

நான்காம் நாள், ஹைதராபாத்

நௌபத் பஹாட் குன்றின்மேல் பிர்லா அறிவியல் மையம் இருக்கிறது. வெள்ளைப் பளிங்குக் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஒரு பக்கம் ஏறுகிறது, நான் டைனோசருக்கு டிக்கெட் வாங்கினேன்.

இங்கே நிற்பது கோட்டாசாரஸ். பழைய அடிலாபாத் மாவட்டத்தில் யாமன்பள்ளி என்ற ஊரருகே எடுத்த எலும்புகள். மொத்தம் 840. குறைந்தது 12 விலங்குகளுடையவை. 1988இல் அதற்குப் பெயர் வைத்தவர் யார் என்று படித்தபோதுதான் இந்தப் பயணத்தின் வழி எனக்குத் துலங்கியது. அதே பி. யாதகிரி! கல்லமேட்டு எலும்பை உலகுக்குச் சொன்ன அதே மனிதர். அவர் கைபட்ட இரண்டு விலங்குகளில் ஒன்று முழு எலும்புக்கூடாகத் தலைநகரத்தின் நடுவில் நிற்கிறது. பிள்ளைகள் அதன் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். மற்றது வரைபடமாகவும் பழைய நிழற்படமாகவும் மட்டும் மிஞ்சியது.

கோட்டாசாரஸ் 9 மீட்டர் நீளம். சாரோபாட்களில் இது சிறிய உருவம்தான், காலத்தால் மிக மூத்ததும்கூட. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஜுராசிக் காலம். கண்காணிப்பாளரிடம் என் கயிற்றைக் காட்டி, தொடமாட்டேன், தடுப்புக்கு வெளியிலிருந்தே பிடித்துப் பார்க்கிறேன் என்று கேட்டேன். எதற்கு அம்மா என்றார். கதையைச் சொன்னேன். அவரே வந்து ஒரு முனையை வாங்கித் தரையோடு வைத்துப் பிடித்தார். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு என் கயிற்றில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அதன் முன்னால் இருந்தேன். நெடுங்கழுத்து விலங்கு எப்படி வாழ்ந்தது என்பதை ஓர் எலும்புக்கூட்டின் முன்னால் உட்கார்ந்துதான் யோசிக்கவேண்டும். கால்கள் தூண் மாதிரி நேராக இறங்குகின்றன. பல்லிக்குப்போல் பக்கவாட்டில் விரிவதில்லை. யானைக்கு இருப்பதும் இந்தக் கட்டுமானம்தான். பாரம் நேராகத் தரைக்கு இறங்கவேண்டும் என்றால் வேறு வழி இல்லை. கழுத்து நீண்டது ஏன்? நகராமல் நின்ற இடத்திலேயே எட்டி எட்டி மேய்வதற்கு. அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு செடிக்கும் நடந்தால் தின்றதெல்லாம் நடையிலேயே செலவாகிவிடும். நீண்ட கழுத்தைத் தாங்கவேண்டுமானால் தலை சிறுத்திருக்கவேண்டும். தலை சிறுத்தால் அரைக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் அவற்றை இயக்கும் தசைக்கும் இடமில்லை. அதனால் சாரோபாட்கள் மெல்லவில்லை. பறித்தன, விழுங்கின. அரைக்கிற வேலையைப் பெரிய வயிறு நாள்கணக்கில் ஊறவைத்துச் செய்தது. பின்னால் வந்த பெரிய இனங்களின் கழுத்தெலும்புகளுக்குள் பறவைகளுக்கு இருப்பதுபோல் காற்றறைகள் உண்டு. பார்க்கக் கனமாகத் தெரியும் கழுத்து உள்ளே பெருமளவு காற்று. கட்டிடக்கலை பயில்கிறவர்கள் ஒருமுறை இதன் முன்னால் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லியாகவேண்டும். இந்த விலங்கின் தலை ஊகித்துச் செய்தது. 840 எலும்புகள் கிடைத்த இடத்தில் மண்டையோடு கிடைக்கவில்லை. இரண்டு பற்கள் மட்டும் கிடைத்தன. சாரோபாட்களுக்கு இது வழக்கம். மெல்லிய எலும்புகளைச் சேர்த்துக் கட்டிய சின்னத் தலை, மெலிதான பிடிப்பில் கழுத்து நுனியில் இருக்கும். விலங்கு செத்ததும் முதலில் கழன்று நீரோடு போவது அதுதான்.

ஐந்தாம் நாள், ரயிலில்

செகந்திராபாத்திலிருந்து ஹவுராவுக்குப் பலக்நுமா எக்ஸ்பிரஸ். நேற்று மாலை ஏறியது, இன்று முழுவதும் ரயில்தான். ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயல்கள், வைக்கோல் போர்கள்.

வைக்கோலைப் பார்த்ததும் பிஸ்துரா நினைவுக்கு வந்தது. மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் பக்கத்து ஊர். அங்கே டைட்டனோசார் எலும்புகளோடு கல்லாகிப்போன சாணமும் கிடைக்கிறது. புல்லறுக்கும்போது விரல் கிழிகிறதல்லவா, இலையில் இருக்கும் மணற்சத்துதான் காரணம். புல் தன் உடம்புக்குள் நுண்ணிய சிலிக்கா துணுக்குகளைச் செய்து வைத்துக்கொள்கிறது. இலை மக்கினாலும் துணுக்கு மக்காது. ஒவ்வொரு வகைப் புல்லுக்கும் துணுக்கின் வடிவம் வேறு. பிஸ்துரா சாணக் கல்லைக் கரைத்து உருப்பெருக்கியில் பார்த்தவர்களுக்கு அந்தத் துணுக்குகள் கிடைத்தன. 2005இல் அது வெளியானபோது பாடப்புத்தகங்களைத் திருத்தவேண்டியதாயிற்று. டைனோசர்கள் அழிந்து நெடுங்காலம் கழித்தே புல் வந்தது என்றல்லவா அதுவரை எண்ணியிருந்தார்கள்! 2011இல் இன்னொரு செய்தி வந்தது. அந்தப் புல்வகைகளில் நெல்லின் குடும்பக் கிளையைச் சேர்ந்ததும் இருக்கிறது.

நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த பருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நெல்லின் மூத்த உறவு ஒன்றை இந்த மண்ணில் முதலில் மேய்ந்தவற்றுள் நெடுங்கழுத்து விலங்குகளும் இருந்தன. எதிர் இருக்கையில் இருந்த வங்காள அம்மாளிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் இதைச் சொன்னேன். அவரும் சோற்றைப் பார்த்தார். பிறகு எனக்கு ஒரு துண்டு சந்தேஷ் கொடுத்தார்.

ஆறாம் நாள், கொல்கத்தா

சௌரங்கியில் இந்திய அருங்காட்சியகம். 1814இல் தொடங்கியது. கற்கள், விண்கற்கள், யானை இனங்களின் மண்டையோடுகள் என்று நாள் போதாது. நான் வந்தது ஒரு முள்ளெலும்பின் கதைக்காக. அந்த எலும்பைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. கதையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1828இல் ஜபல்பூரில் பாரா சிம்லா குன்றருகே வில்லியம் ஸ்லீமன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி சில எலும்புகளைக் கண்டெடுத்தார். தக்கர்களை ஒடுக்கியவர் என்று வரலாற்றுப் பாடத்தில் வருகிறாரே, அவர்தான். டைனோசர் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. 1842இல்தான் ரிச்சர்ட் ஓவன் அதை உருவாக்கினார். அந்த எலும்புகள் கை மாறிக் கை மாறிக் கல்கத்தா வந்தன. 1877இல் ரிச்சர்ட் லிடேக்கர் அந்த வால் முள்ளெலும்புகளுக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். டைட்டனோசார் என்று உலகம் முழுவதும் இன்று சொல்லும் குடும்பப் பெயர், ஜபல்பூர்க் குன்றில் கிடைத்த அந்த வாலெலும்பிலிருந்து வந்தது. அர்ஜென்டினாவின் பூதங்களுக்கும் அதுவே குலப்பெயர்.

பிறகு அந்த எலும்பு காணாமல் போனது. நூறு ஆண்டுக்கு மேல் யாரும் பார்க்கவில்லை. 2012இல் கொல்கத்தாவிலேயே, புவியியல் ஆய்வுத் துறையின் சேமிப்பில், மாட்லி தோண்டி எடுத்த எலும்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, தனஞ்சய் மோஹபே உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவற்றுக்கிடையே அதை அடையாளம் கண்டார்கள். லிடேக்கர் வரைந்த படத்தோடு பொருந்தியது.

அருங்காட்சியக வாசலில் படியில் உட்கார்ந்து இதைக் குறித்துக்கொள்கிறேன். பெட்டியில் போட்டு, சீட்டு ஒட்டி, அலமாரியில் தள்ளிவிட்டால்கூடப் போதும். ஒரு நாள் யாராவது திறப்பார்கள். கல்லமேட்டு எலும்புக்கு அந்த அலமாரி கிடைக்கவில்லை. இப்போதும் அந்த மண்ணுக்குள் எலும்பு இருக்கலாம். கல்லமேட்டிலிருந்து 2013இல் ட்ரூடோண்டிட் என்ற சிறிய டைனோசரின் ஒரே ஒரு பல்லை எடுத்து உலக ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார்கள். பல்லை எடுக்க முடிகிறது என்றால், பெரிய எலும்பையும் காக்க வழி இருக்கிறது. காயும் முன்னே பசை ஊற்றி இறுக்கி, மெல்லிய தாள் சுற்றி, மாவுக்கட்டுப் போடுவதுபோலச் சாக்குத் துணியைப் பாரிஸ் சாந்தில் நனைத்துக் கட்டி, மழைக்கு முன் எடுத்துவிடவேண்டும். அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், அரியலூரிலேயே ஒரு கூடம் வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

ஏழாம் நாள், பராநகர்

பி.டி. சாலையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். புள்ளிவிவரம் படிக்கும் இடத்தில் டைனோசர் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். இதை நிறுவிய மகாலனோபிஸுக்கு எல்லா அறிவியலிலும் அளவை உண்டு என்ற நம்பிக்கை. 1957இல் பமீலா ராபின்சன் என்ற பிரிட்டிஷ் தொல்லுயிரியலாளரை அழைத்து இங்கே ஒரு நிலவியல் பிரிவைத் தொடங்கினார். அந்தப் பிரிவினர் கோதாவரிப் படுகையில் தேடத் தொடங்கினார்கள். 1961இல் 1.7 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு தொடையெலும்பு வெளிப்பட்டது. களத்தில் வேலை செய்தவர்கள் வைத்த பெயரே நிலைத்தது, பராபாசாரஸ். பரா என்றால் பெரிய, பா என்றால் வங்காளத்தில் கால். அந்த ஆண்டு தாகூரின் நூற்றாண்டு என்பதால் இனப்பெயர் தாகூரை. உலகத்தில் ஒரு கவிஞரின் பெயரைச் சுமக்கும் நெடுங்கழுத்து விலங்கு நமக்கு இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தேன். கூடத்தில் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஏறத்தாழ 300 எலும்புகள், குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. அவற்றைச் சேர்த்து எழுப்பிய எலும்புக்கூடு இது. ஒருவேளை ஒரு மந்தை முழுவதும் வெள்ளத்தில் சிக்கியிருக்கலாம் என்கிறார்கள், ஏனென்றால் எலும்புகளோடு பெரிய பெரிய அடிமரங்களும் கல்லாகிக் கிடந்தன. சாத்தனூரில் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இதைப் படித்தபோது சிலிர்த்தது. அங்கே மரமா எலும்பா என்று கேள்வி. இங்கே இரண்டும் ஒரே குழியில்.

இந்த விலங்குக்கும் கல்லமேட்டு விலங்குக்கும் இடையே 11 கோடி ஆண்டுகள். கல்லமேட்டு விலங்குக்கும் நமக்கும் இடையே 7 கோடிதான். அந்த இடைவெளியில்தான் இந்தக் கால் அந்தக் காலாக வளர்ந்தது.

உடன் வந்த அருங்காட்சியகப் பணியாளர் வயதானவர். "பொரோ பா, தீதி" என்று தன் முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நான் பையிலிருந்து கயிற்றை எடுத்தேன். ஒரு முனையை அவர் தரையில் வைத்துப் பிடித்தார். மறுமுனையை நான் கை உயர்த்தி, எலும்பில் படாமல், பின்னங்காலுக்கு நேராகத் தூக்கினேன். கீழ்க்கால் எலும்பைத் தாண்டியது. முழங்காலைத் தாண்டியது. பிறகு பணியாளரையே கயிற்றை மேலே நகர்த்தச் சொல்லித் தொடையெலும்பின் அடியிலிருந்து பிடித்தோம். அதன் தலைப்பகுதியையும் கடந்து, இடுப்பெலும்புக்கு நேராக நின்றது முடிச்சு.

"இது எந்த விலங்கின் தொடை?" என்று கேட்டார்.

"தொடை இல்லை தாதா. முழங்காலுக்குக் கீழே. எங்கள் ஊர் விலங்கு."

அவர் கயிற்றை விடவில்லை. முடிச்சைப் பார்த்தார். "அப்படியானால் அதன் தொடை எவ்வளவு?"

முழுத் தொடையெலும்பு கிடைக்கவில்லை, கீழ்முனை மட்டும்தான் கிடைத்தது என்று இரண்டு கைகளையும் விரித்து 75 சென்டிமீட்டர் காட்டினேன். அவர் கயிற்றைத் தரையில் ஊன்றியபடி, முடிச்சுக்கு மேலே, பராபாசாரஸின் முதுகுக்கும் மேலே, கூரை இருக்கும் இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.